மார்கழியில் கொடுத்த சாவி

மார்கழி மாதத்தை எனக்குப் பிடிக்காது. இதைச் சொன்னால் கோயில் பக்கம் இருக்கிறவர்கள் வாயில் கைவைப்பார்கள். வைக்கட்டும். மாதத்தில் என்ன இருக்கிறது, எல்லாம் ஒன்றுதான் என்று ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான் நானும். இப்போது அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை. எங்களுக்குக் கிடைத்த ஒரே வீடு இந்த மாதத்தில்தான் கையை விட்டுப் போனது. ஒரு மாதத்தின்மேல் பழி போடுவது முட்டாள்தனம் என்று தெரியும். மனிதர்களில் யார்மேல் போடுவதென்று எவ்வளவோ யோசித்துப் பார்த்தும் ஆள் அகப்படவில்லை. அதனால் மாதத்தின்மேல் போடுகிறேன்.

எங்கள் தோட்டம் தெரணியகலை டவுனுக்கு மேலே இருக்கிறது. கீழ்ப்பாதி ரப்பர், மேல்பாதி தேயிலை. அம்மா பால்வெட்டுக்காரி. தோட்டப் பதிவில் பேரை வெட்டி ஓய்வு கொடுக்கும்வரைக்கும் அவளுக்குப் பொழுது விடிந்தது ரப்பர் மரத்தடியில்தான். நான் டவுனில் ஒரு துணிக்கடையில் நிற்கிறேன். தோட்டத்து வரிசைவீடான லயத்தில் எங்களுக்கு ஒரே அறையாக ஒரு காம்பரா, முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு திண்ணை, பின்னால் சமைக்க நாங்களே தகரம் அடித்துக்கொண்ட குசினி. அதற்குள் அம்மா, நான், அண்ணன், அண்ணி, அண்ணியின் கைக்குழந்தை. குழந்தை பிறந்த அன்றைக்கு அண்ணன் செய்த முதல் காரியம், எங்கே தொட்டில் கட்டுவது என்று கூரையை அண்ணாந்து பார்த்ததுதான்.

மார்கழி இங்கே பனியோடு வரும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்த்த மழை கொஞ்சம் மூச்சு வாங்கும். காலையில் இஸ்தோப்பில் நின்று பார்த்தால் எதிர் லயம் தெரியாது, அங்கே இருமுகிற ஆளின் சத்தம் மட்டும் கேட்கும். குளிர் இருந்தால் ரப்பர் மரத்தில் பால் நன்றாக இறங்கும். பால்வெட்டுகிறவர்கள் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு இருட்டோடு இறங்குவார்கள். அதே நேரத்தில் கோயில் மைக்கில் பாட்டு தொடங்கும். பஜனை கோஷ்டி ஜால்ராவைத் தட்டிக்கொண்டு லயம் லயமாக வரும். வாசலில் கோலம் போட்டு, சாணியில் பிள்ளையார் பிடித்து, அதன் தலையில் ஒரு பூசணிப்பூவைச் செருகி வைத்திருப்பாள் அம்மா. வைத்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். பஜனை எங்கள் வாசலுக்கு வரும்போது கும்பிட்டு நிற்க வேண்டியவள் மலையில் இருப்பாள். அவளுக்குப் பதிலாக நான் தூங்கி வழிந்துகொண்டு நிற்பேன்.

மாதத்தின் பெயருக்குக் காரணம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். முழுநிலவு மிருகசீரிட நட்சத்திரத்தோடு சேர்ந்து வருகிற மாதம், அதனால் மார்கழி. நமக்கு ஒரு வருடம் என்பது தேவர்களுக்கு ஒரு நாள் என்றும், ஆடியில் அவர்களுக்கு இரவு தொடங்கி மார்கழியில் விடியப்போகிறது என்றும், தை பிறந்தால் பகல் என்றும் பூசாரி சொல்வார். தேவர்கள் கண் விழிக்கிற நேரத்தில் மனிதர்கள் தங்கள் சொந்தக் காரியத்தைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வரக்கூடாதாம். கல்யாணம் கூடாது. காதுகுத்து கூடாது. பெண் பார்க்கப் போகக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, வீடு மாறக்கூடாது, புதுவீட்டில் பால் காய்ச்சக்கூடாது.

இதற்கு நான் வைத்திருக்கும் விளக்கம் வேறு. அந்தக் காலத்தில் இந்தியாவில் எங்கள் ஆட்களுக்கு மார்கழியில் நெல் வயலில் நின்றது. அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தால்தான் கையில் ஏதாவது இருக்கும். அதுவரை யாருக்கும் கல்யாணத்துக்கும் நேரமில்லை, வீடு மாறவும் வழியில்லை. தை வரட்டும் என்று தள்ளிப்போட்டார்கள். அப்புறம் கப்பலேறி இங்கே இலங்கைக்கு வந்தார்கள். வயல் வரவில்லை, தள்ளிப்போடுவது மட்டும் கூடவே வந்துவிட்டது. இங்கே தையில் எங்களுக்கு அறுக்க ஒன்றும் கிடையாது. தை, மாசியில் ரப்பர் இலை உதிர்ந்து பால் குறைந்து வேலை நாளும் குறையும். ஆக, எதற்காகத் தைக்குக் காத்திருக்கிறோம் என்று அம்மாவிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். "படிச்ச திமிரு" என்பாள். நான் ஓ.எல். பரீட்சையோடு படிப்பு நின்றவள்.

அம்மாவின் பயத்துக்கு ஒரு கணக்கு இருந்தது, அதை நான் மறைக்கக்கூடாது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் குடும்பம் மேல் டிவிசனில் இருந்தது. அந்த லயத்தைக் கைவிட்டு எல்லோரையும் கீழே இறங்கச் சொன்னார்கள். மார்கழி மாதம். தை பிறக்கட்டும் என்று அப்பா கேட்டுப் பார்த்தார், தோட்டத்துத் தொரை கேட்கவில்லை. சட்டி பானையோடு இந்தக் காம்பராவுக்கு வந்தோம். அடுத்த மழைக்காலத்தில் அப்பா எலிக்காய்ச்சலில் போய்விட்டார். மலையில் கான் என்கிற வடிகால் வெட்டுகிற வேலை செய்தவர், சேற்றுத் தண்ணீரில் நின்றவர், காலில் காயம் இருந்தது. எலிக்காய்ச்சலுக்கு இவ்வளவு போதும். அம்மாவுக்குப் போதவில்லை. அவளுக்கு எலியைவிட மார்கழிதான் காரணம்.

இரண்டு வருடத்துக்கு முன் கார்த்திகையில் ஒரு மழை பெய்தது. மழை என்று சொல்லிப் பழகிவிட்டோம், அது வேறு ஏதோ. எங்கள் லயத்துக்கு மேலே இருந்த தேயிலை மலையில் வெடிப்பு விழுந்தது. முதல்நாள் கை நுழைகிற அளவு இருந்தது, அடுத்தநாள் ஆள் இறங்கி நிற்கிற அளவு. பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் மலை வந்தே விட்டது. அங்கே வீடுகள் மண்ணுக்குள் போயின, ஆட்களும் போனார்கள். எங்களைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றினார்கள். அண்ணி ஈரப்பாயில் குழந்தையை வைத்துக்கொண்டு, வகுப்பறைச் சுவரில் பிள்ளைகள் ஒட்டியிருந்த பழப் படங்களைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். பெரிய அதிகாரிகள் வந்து மலையைப் பார்த்துவிட்டு, எங்கள் லயத்தில் இனி யாரும் குடியிருக்கக்கூடாது என்றார்கள். சுவரில் சிவப்பாக ஒரு அடையாளமும் போட்டார்கள்.

எங்களுக்கு ஒரு யோகம் அடித்தது என்றுதான் அப்போது நினைத்தேன். ரோட்டோரம் சமமான இடத்தில், முந்தைய ஒரு மண்சரிவுக்காகக் கட்டத் தொடங்கி, பாதியில் நின்று, ஒருவழியாக முடிந்த சில வீடுகள் இருந்தன. இரண்டு அறை, குசினி, உள்ளேயே கக்கூஸ், ஓட்டுக் கூரை. எங்கள் லயத்தில் கைக்குழந்தையும் வயசாளியும் உள்ள குடும்பங்களுக்கு அந்த வீடு என்றார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் இருந்தது. நான் கடைக்குப் போகும்போது பஸ் ஜன்னலில் தலையை நீட்டி அந்த வீட்டைப் பார்ப்பேன். பின்பக்கத்து அறை எனக்கு என்று மனதுக்குள் எடுத்துக்கொண்டேன். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு அறையில் தனியாகத் தூங்குவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

சாவியைக் கார்த்திகையிலேயே கொடுத்திருப்பார்கள். நாளும் குறித்தார்கள். கொடுக்க வரவேண்டிய பெரிய மனிதருக்கு அன்றைக்கு வேறு எங்கேயோ மாலை காத்திருந்தது. தள்ளிப்போட்டார்கள். அவர் வந்து குத்துவிளக்கு ஏற்றி, படம் பிடித்து, எங்கள் கையில் சாவியை வைத்தபோது மார்கழி பிறந்துவிட்டது. இன்றைக்கே குடிபோய்விட வேண்டும் என்று அரசாங்க அலுவலகத்திலிருந்து வந்த மிஸ் சிங்களத்திலும் தமிழிலும் சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம். தலையாட்டுவதில் எங்களை யாரும் மிஞ்ச முடியாது.

சாயங்காலம் கோயிலில் கூடினார்கள். தை முதல் நாள் எல்லோரும் சேர்ந்து பால் காய்ச்சலாம், அதுவரை சாவி அவரவர் கையில் இருக்கட்டும் என்று முடிவானது. பூசாரியும் பாவம், தடுக்கவில்லை, தூண்டவும் இல்லை. "ஆபத்துக்குப் பாவம் இல்லம்மா, போறவங்க போங்க" என்றார். கிறிஸ்தவர்களான ஒரே ஒரு வேதக்காரக் குடும்பம் அடுத்த நாளே போய்விட்டது. வாசலில் நத்தார் நட்சத்திரத்தையும் தொங்கவிட்டார்கள். இன்னும் சில பேர் கெட்டிக்காரத்தனமாக, பால் காய்ச்சாமல் சாமானை மட்டும் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பகலில் அங்கேயும் இரவில் பள்ளிக்கூடத்திலுமாக இருந்தார்கள். அம்மா ஒரு பாயைக்கூடக் கொண்டுபோக விடவில்லை.

"பாய் போனா குடி போன மாதிரித்தான்" என்றாள்.

"அப்ப மல வந்தா என்னா செய்வ? மார்கழி, போய்ட்டு தையில வான்னு சொல்லுவியா?"

"ஏன்டி, ஒங்கப்பன முழுங்குனது பத்தாதா? அந்தக் கைப்புள்ளையவும் தூக்கிக் குடுக்கச் சொல்றியா?"

குழந்தையை இழுத்துவிட்டால் பேச்சு அவ்வளவுதான். அண்ணன் அம்மா பக்கமும் இல்லை, என் பக்கமும் இல்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போனான். அண்ணி மட்டும் என்னிடம் தனியாக, "நான் இப்பவே போயிருவேன் நங்கை. மாமிய மீறிப் போனா நாளைக்குப் புள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் என்னத்தான சொல்லுவாங்க" என்றாள். அதுவும் உண்மைதான்.

கடை முதலாளியிடம் போய்ப் புலம்பினேன். அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். டவுனில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பம். வருடா வருடம் அவர் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கிற நாட்காட்டியில் இங்கிலீஷ் தேதி, தமிழ்த் தேதி, முஸ்லிம் பிறை, பௌத்தர்களின் போயா பௌர்ணமி எல்லாம் ஒரே தாளில் இருக்கும். எங்கள் காம்பராவில் ஆணியில் தொங்குவதும் அதுதான்.

"எங்கட ஸபர் மாசத்துலயும் இப்பிடித்தான் மகள்" என்று சிரித்தார். "மௌலவி அப்பிடி ஒண்டும் இல்லண்டு செல்லிட்டாரு. எங்கட வீட்டுல மட்டும் அந்த மாசத்துல ஒரு சட்டியும் வாங்க ஏலா. நான் பேசினா, ஒங்களுக்கு என்ன தெரியும்டு பொஞ்சாதி கேப்பா. ஒங்கட உம்மாட மனச நோவடிக்க வாணாம். ஒரு மாசம்தானே."

ஒரு மாதம்தானே என்று எனக்கும் தோன்றியது. அதற்குத் தோதாக வெயிலும் வந்தது. மழை விட்டு வெயில் அடித்தால் எங்கள் ஆட்களுக்கு மலை மறந்துவிடும். பகலில் சமைக்க லயத்துக்கு இறங்கியவர்கள் அப்படியே தங்க ஆரம்பித்தார்கள். நாங்களும்தான். சிவப்பு அடையாளம் போட்ட சுவருக்குப் பக்கத்தில் அண்ணி குழந்தையின் துணியைக் காயப்போட்டாள்.

இதை மிஸ் வந்து பார்த்துவிட்டார். ஒரு பகல்நேரம். நான் கடையில், அண்ணன் வேலையில், அண்ணி குழந்தையைக் கிளினிக்குக் கொண்டுபோயிருந்தாள். அம்மா மட்டும் இஸ்தோப்பில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அங்கே புதுவீடு பூட்டிக் கிடக்கிறது, நீங்கள் இங்கே மலைக்கு அடியில் இருக்கிறீர்கள், கிராமத்து ஆட்கள் விகாரை மண்டபத்தில் சிமெந்துத் தரையில் படுத்திருக்கிறார்கள், இது நியாயமா அம்மா என்று மிஸ் கேட்டாராம். அம்மாவுக்கு மிஸ்ஸின் தமிழைவிட நல்ல சிங்களம் வரும். தையில் போகிறோம் என்று விவரமாகச் சொல்லியிருக்கிறாள். அவ்வளவு நாள் பூட்டிவைக்க முடியாது, இப்போதே போங்கள், இல்லாவிட்டால் வீடில்லாத யாருக்காவது கொடுக்கவேண்டி வரும் என்று மிஸ் சொல்லியிருக்கிறார். மிஸ்ஸைக் குறை சொல்ல முடியாது.

அம்மா என்ன செய்தாள் என்பதை அன்று சாயங்காலம் அவள் வாயாலேயே கேட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவளுக்குத் தேத்தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டு, ஏதோ நல்ல காரியம் செய்துவிட்ட முகத்தோடு சொன்னாள்.

"பாவம், மண்ணுல எல்லாம் போயிருச்சாமே அதுகளுக்கு. சாவிய குடுத்துவுட்டுட்டேன். தை வரைக்கும் யாராச்சும் இருக்கட்டும் மிஸ்ஸு, பொங்கலுக்கு நாங்க வந்துர்றோம்னு சொன்னேன். வெளக்கு ஏத்தாம வீட்ட பூட்டி வக்கிறதும் நல்லதில்லதானே."

கோப்பையைக் கீழே வைத்தேன். "யாரக் கேட்டு குடுத்த?"

"யாரக் கேக்கணும்? நம்ம பேருல இருக்கிற வீடுதானே. எங்க போயிரும்?"

லயத்து வாழ்க்கை தெரியாதவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். எங்களுக்கு அப்படியில்லை. லயக் காம்பரா யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் ஒவ்வொரு காம்பராவும் ஒரு பெயரில் இருக்கும். ஒரு குடும்பம் கொழும்புக்கு வேலைக்குப் போனால் கல்யாணமான பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதில் இருப்பார்கள். இவர்கள் திரும்பி வந்ததும் அவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்காது. இருக்கக் கொடுப்பது வேறு, வீட்டைக் கொடுப்பது வேறு என்பது எங்கள் லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அம்மா ஆயுசு முழுக்க அந்த ஒரு சட்டத்துக்குள்தான் வாழ்ந்தாள். அதே சட்டம் ரோட்டோரத்து வீட்டிலும் செல்லும் என்று நம்பித்தான் சாவியைக் கொடுத்தாள். மார்கழியில் நாம் போகக்கூடாது, போகக்கூடியவர்கள் இருந்துகொள்ளட்டும். அவள் கணக்கில் இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அலுவலகத்துக்கு ஓடினேன். மிஸ் வருடக் கடைசி லீவில் ஊருக்குப் போய்விட்டார். இருந்தவர்கள், அவர் வந்தபிறகு வரச் சொன்னார்கள். திரும்பும்போது பஸ் அந்த வீட்டைத் தாண்டியது. ஒரு சிங்களப் பெண் வாசலில் நின்றிருந்தாள். திறந்த கதவுக்குள் அடுப்பில் பானை இருந்தது, சுற்றி நாலைந்து பேர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிங்கள ஆட்களும் புதுவீட்டுக்கு நேரம் பார்த்துப் பால் பொங்க வைக்கிறவர்கள்தான். அவர்களுடைய நேரம் அன்றைக்கு நன்றாக இருந்திருக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலை இன்னமும் நான் மறக்கவில்லை.

வீட்டில் சொன்னேன். அண்ணன் பீடியைத் தூக்கி எறிந்துவிட்டு அம்மாவைத் திட்டினான். அம்மா அசையவில்லை. "பால் காச்சுனா என்னா? வெறும் வீட்டுல இருக்க முடியுமா? அவங்க சாத்திரப்படி அவங்க செஞ்சிருப்பாங்க. தை பொறக்கட்டும்" என்றாள். அந்த மார்கழி முழுவதும் அவள் விடியற்காலையில் எழுந்து குளித்தாள், கோலம் போட்டாள், பூசணிப்பூ தேடி அடுத்த லயம்வரை போனாள். அவ்வளவு சந்தோசமாக அவளை நான் பார்த்ததில்லை. வீட்டுக்குப் போகிற சந்தோசம். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமும் அழுகையுமாக வந்தது. ஆத்திரத்தில் அவளோடு பேசாமல் இருந்தேன். பேசினாலும் கேட்டிருக்கமாட்டாள்.

தை முதல் நாள் காலையில் குளித்து, புதுத்துணி உடுத்தி, புதுப்பானையில் பாலை எடுத்துக்கொண்டு எல்லோரும் போனோம். நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, கடைசியில் அம்மாவைத் தனியாக விட மனமில்லாமல் பின்னால் போனேன். அண்ணி குழந்தைக்குப் பொட்டு வைத்துத் தூக்கிவந்தாள். மற்ற வீட்டு வாசல்களில் எங்கள் ஆட்கள் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். எங்கள் வாசலில், அதாவது அந்த வாசலில், அந்தப் பெண் நின்றாள். என் வயதுதான் இருக்கும்.

"வந்துட்டோம் துவே" என்றாள் அம்மா, மகளைக் கூப்பிடுவதுபோல. "ஒனக்கு வேற எடம் பாத்துக் குடுத்துட்டாங்களா?"

அந்தப் பெண்ணுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மே, இத எனக்குத்தான் குடுத்தாங்க. எனக்குன்னு" என்று சிங்களத்தில் சொன்னாள். பிறகு, யாரும் கேட்காமலே, மலை வந்த அன்றைக்குப் புருசனும் மாமியாரும் உள்ளே இருந்தார்கள் என்றும், மாமியாரை இன்னும் எடுக்கவில்லை என்றும் சொன்னாள். அவளுக்குப் பின்னால் சுவரில் ஒரு ஆணின் படம் மாட்டியிருந்தது. அதற்கு முன்னால் சின்ன விளக்கு. அண்ணன் கத்துவதற்குத் தயாராக வந்தவன், அந்தப் படத்தைப் பார்த்ததும் ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அவள் உள்ளே போய் எங்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றினாள். அவள் வீட்டில், எங்கள் வீட்டில், நின்றுகொண்டே குடித்தோம். அம்மா அவள் தலையில் கைவைத்துவிட்டு வந்தாள். கொண்டுபோன பாலை அவளிடமே கொடுத்துவிட்டாள்.

அலுவலகத்தில் மிஸ் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். நீங்கள் வேண்டாம் என்று சொல்லித்தானே சாவியைத் தந்தீர்கள் என்றார். தையில் வருகிறேன் என்றுதான் சொன்னேன் என்றாள் அம்மா. அப்படிச் சொன்னதும் உண்மை, சாவியைக் கொடுத்ததும் உண்மை. மிஸ்ஸின் கண்கூடக் கலங்கியது என்று நினைக்கிறேன். இனி அந்தப் பெண்ணை எப்படி எழுப்புவது, நீங்களே சொல்லுங்கள் என்றார். அடுத்த முறை வீடு வந்தால் முதலில் உங்களுக்குத்தான் என்றார். அடுத்த முறை என்பது வரவில்லை. கொஞ்ச நாளில் மிஸ்ஸுக்கே மாற்றல் வந்துவிட்டது.

அந்த வருடம் வைகாசி மழையில் வெடிப்பு மறுபடி வாய் திறந்தது. ஒரு காலையில் குசினிச் சுவர் சரிந்து கிடந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அண்ணி அன்றைக்கே துணியை மூட்டை கட்டினாள். அவளுடைய தாய்வீடு ஓப்பநாயக்கவில். அம்மா தடுக்கவில்லை, ஆனால் பழக்கதோசத்தில், "இன்னைக்கு நாள் நல்லாருக்கான்னு பாத்துட்டு..." என்று வாயெடுத்தாள்.

"மாமி, தை வந்து என்னா குடுத்திச்சி நமக்கு? மார்கழி வந்து என்னா கொறஞ்சிச்சி? நமக்கு எல்லாம் ஒரே மாசந்தான். நான் போறேன் மாமி" என்றாள் அண்ணி. மரியாதை குறையாமல்தான் சொன்னாள். அண்ணனும் கூடப் போனான். போக இடமில்லாமல் அம்மாவும் நானும் அதே காம்பராவில் தங்கினோம். அண்ணன் இப்போது பெல்மதுளைப் பக்கம் ஏதோ வேலை செய்கிறான். குழந்தை நடக்கிறது, பேசுகிறது என்று போனில் சொல்கிறார்கள். அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஆயா பேசுறேன், ஆயா" என்று கத்துவாள். அந்தப் பக்கத்தில் குழந்தைக்கு யார் என்று தெரியாது.

அதன்பிறகு அம்மா கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் விட்டாள். நாள் பார்ப்பதை விட்டாள். வெள்ளிக்கிழமை தலை முழுகுவதை விட்டாள். இந்த மார்கழி பிறந்த அன்றைக்குக் கோயில் மைக் பாடியபோது விழித்துக்கொண்டேதான் படுத்திருந்தாள். கோலமாவை நான் எடுத்து வைத்தேன். "யாரு பாக்கப் போறா?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். இந்த மாதத்தை அவள் விடவேண்டும் என்று எத்தனை வருடம் சண்டை போட்டேன். விட்டுவிட்டாள். எனக்கு அது கொஞ்சமும் நன்றாக இல்லை. போய் நானே ஒரு கோலம் போட்டேன், கோணலாக வந்தது.

போன வாரம் திடீரென்று, அலுவலகத்துக்குக் கூட்டிப்போ என்றாள். எதற்கு என்று சொல்லவில்லை. அங்கே இப்போது ஒரு வயதான சிங்கள அதிகாரி, மாத்தியா என்று கூப்பிடுவார்கள். நல்ல மனிதர், அம்மாவைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா உட்காரவில்லை. நேராக நின்று, சிங்களத்தில், பாடம் ஒப்பிக்கிற பிள்ளைபோலச் சொன்னாள்.

"மாத்தியா, எனக்கு இனிமே மாசம் கீசம் ஒண்ணும் பாக்கத் தேவையில்ல. இப்ப மார்கழிதான். இன்னைக்குக் குடுத்தாலும் போயிருவேன். ராகு காலத்துல குடுத்தாலும் போயிருவேன். பால்கூட காச்ச மாட்டேன்."

அவருக்கு மார்கழி என்றால் என்னவென்று தெரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் பழைய கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மே, எந்த மாசமும் வீடு ஒண்ணும் வர்றதா இல்லையே. பொய் சொல்லி ஒங்கள அலைய வைக்க எனக்கு விருப்பமில்ல. மழ வரப்போவுது, கெதர யண்ட" என்றார். வீட்டுக்குப் போங்கள் என்று அர்த்தம். அந்த மனிதர் அதை அன்பாகத்தான் சொன்னார்.

அம்மா அவரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். படியில் செருப்பை மாட்டும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"மார்கழியிலயே போறேன்னு சொல்லிட்டேனே புள்ள" என்றாள். "இன்னும் என்னாத்த விடணுமாம் நானு?"

பஸ் வந்தது, அவளைக் கைபிடித்து ஏற்றிவிட்டு நானும் ஏறினேன்.